பற்றை இருந்த இடம்

“கேற் வை எண்டு சொன்னா வை.”

“அங்க கேற் இல்ல.”

“இல்லாட்டி என்ன? நாங்க வைச்சா…”

“நாங்க வைச்சா வந்திடுமா? ஊரில இல்லாததை…”

“ரெண்டு குச்சிதானேகா. ஐஸ்பழக் குச்சி. சிவப்பு வெள்ளை அடிச்சு…”

“ஊரில இல்லாததைப் பலகையில வைச்சா அது எங்கட ஊரில்ல. வேற ஊர்.”

லக்ஷனும் விதுர்ஷாவும் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் ஏறி விழுந்துகொண்டிருந்தார்கள். லக்ஷன் வீட்டு விறாந்தையில் நாலு பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றின் மேல் ஒரு பழைய கதவு. அந்தக் கதவின் மேல் அவர்களுடைய கிராமமான இலந்தையடி இருந்தது. வெளியே நிற்கும் இலந்தையடியில் மூன்று நாளாக மழை விடவில்லை. கதவின் மேல் இருந்த இலந்தையடி மட்டும்தான் காய்ந்திருந்தது.

பாடசாலைக் கண்காட்சிக்காக இதைச் செய்தார்கள். சுவிஸிலிருந்து லக்ஷனின் மாமா அனுப்பிய பற்றரி ரயில் ஒன்று இருந்தது. ரயிலும் தண்டவாளமும் லக்ஷனின் பொறுப்பு. மண், றோட்டு, மரம், வாவி எல்லாம் விதுர்ஷாவின் பொறுப்பு.

விதுர்ஷா இந்த விடயத்தில் பொல்லாதவள். தார் றோட்டுக்கு அடுப்புச் சாம்பலையும் கறுப்புப் பெயின்டையும் பசையில் குழைத்து, பழைய பிரஷால் தட்டித் தட்டிப் பூசினாள். அது நன்றாகக் காய்ந்த பிறகு, நகத்தால் சுரண்டி இரண்டு இடத்தில் பள்ளம் தோண்டினாள்.

“புது றோட்டைப் பழுதாக்கிறாயே,” என்று லக்ஷன் தலையில் கை வைத்தான்.

“பள்ளம் இல்லாட்டி எங்கட றோட்டெண்டு ஆர் நம்புறது?”

கிறவல் றோட்டுக்கு அவள் உண்மையான சிவப்புக் கிறவல் கல்லையே இடித்து, வீட்டில் மா அரிக்கும் அரிதட்டில் அரித்தாள். அடுத்த நாள் அவர்கள் வீட்டு இடியப்பம் ஏன் கொஞ்சம் சிவப்பாக இருந்தது என்று அவளுடைய அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

வாவிதான் எல்லாவற்றிலும் வடிவு. அது லக்ஷனுடைய பெரியப்பாவின் முழங்கால் எக்ஸ்ரே. அடிப்பக்கம் நீலம் பூசி, மேற்பக்கம் பளபளவென்று விட்டிருந்தாள். சரித்துப் பார்த்தால் தோணிக்குக் கீழே எலும்பு தெரியும்.

“பெரியப்பாட முழங்காலுக்கு மேலால தோணி போகுது,” என்று லக்ஷன் சிரிப்பான்.

இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“உனக்கு விளங்குதில்லகா. தனுஷியா கண்காட்சிக்கு வருவாள். இதைப் பாப்பாள்.”

விதுர்ஷாவின் கையில் இருந்த பிரஷ் நின்றது.

கிறவல் றோட்டு தண்டவாளத்தைக் கடக்கும் இடம். கடவை என்பார்கள். இலந்தையடிக் கடவையில், ரயில் வரும்போது றோட்டை மறிக்கும் கேற் கிடையாது. ஓர் எச்சரிக்கைப் பலகை மட்டும் நிற்கிறது. ஆனி மாதம் ஒரு காலையில் தனுஷியாவின் அண்ணன் திவாகரன் சைக்கிளில் அந்தக் கடவையால் போனான். ரவுணில் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் அவனுக்கு வேலை. சோற்றுப் பார்சல் சைக்கிளில் கொழுவியிருந்தது. அந்த நேரம் ரயில் வந்தது.

அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். பிறகு, அவனுடைய கழுத்தில் இயர்போன் கிடந்தது என்று யாரோ சொன்னார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு போனவனாம் என்று இன்னொருவர் சொன்னார். அந்தக் கதை மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

தனுஷியா இவர்களுடைய வகுப்புத்தான். விதுர்ஷாவுக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவள். ஆனி மாதத்துக்குப் பிறகு அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

“கேற் இருந்தா,” என்றான் லக்ஷன், “அவள் பாக்கேக்க… கொஞ்சம் பரவாயில்லையா இருக்கும். இதிலயாவது கேற் இருக்கெண்டு.”

“இல்ல. பொய்யெண்டு அவளுக்குத் தெரியும்தானே.”

“அப்ப, கேற் இல்லாம அவளுக்குக் காட்டப்போறியா? நெஞ்சில்லையா உனக்கு?”

விதுர்ஷா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து முற்றத்தில் தண்ணீரில் யாரோ காலை வைக்கும் சத்தம் கேட்டது. தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு தனுஷியா வந்தாள்.

லக்ஷன் கொடியில் கிடந்த துவாயை இழுத்துக் கடவையின் மேல் போட்டான். ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்த மறந்துவிட்டான். ரயில் துவாய்க்குள் போய் மாட்டிக்கொண்டு கிர்ர்ர் என்று இழுத்தது.

“மாமி சட்டை தைச்சு முடிச்சிட்டாவா? அம்மா கேக்கச் சொன்னா,” என்றாள் தனுஷியா. பிறகு துவாயைப் பார்த்தாள். “என்னது அதுக்குள்ள?”

“கோழிக்குஞ்சு,” என்றான் லக்ஷன்.

“கோழிக்குஞ்சு கிர்ரெண்டு கத்துமா?”

“தடிமன் பிடிச்ச குஞ்சு.”

துவாய் மெல்ல ஓர் அங்குலம் நகர்ந்தது. தனுஷியா சிரிக்கவில்லை. “நான் பாக்கக் கூடாத சாமானெண்டா நான் போறன்,” என்றாள்.

விதுர்ஷா போய்த் துவாயை எடுத்தாள். ரயில் விடுபட்டுக் கடவையைக் கடந்து ஓடியது. லக்ஷன் பாய்ந்து சுவிச்சை நிறுத்தினான்.

“தனு, இது எங்கட கடவை,” என்றாள் விதுர்ஷா. “கேற் வைக்கிறதா வேணாமா எண்டு எங்களுக்குள்ள சண்டை. உன்னட்டக் கேக்காம நாங்க சண்டை பிடிக்கிறம். நீ சொல்லு. வேணாமெண்டா கடவையையே எடுத்திடுறன். வெறும் வயலா விட்டிடுறன்.”

தனுஷியா பொலித்தீன் பையை மடித்தாள். கதவுக்குக் கிட்ட வந்தாள். தார் றோட்டைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். கிறவல் றோட்டில் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். விரல் கடவைக்குப் போய் நின்றது.

விறாந்தையில் மழைச் சத்தமும் உள்ளே லக்ஷனின் அம்மாவின் தையல் மெசின் சத்தமும் மட்டும் கேட்டன.

“பற்றை எங்க?” என்றாள் தனுஷியா.

“எந்தப் பற்றை?”

“இதில. இந்தக் கரையில. உண்ணிப் பற்றையும் இலந்தையும். அண்ணா என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடேக்க நான் முன் பாரில இருப்பன். இந்த இடத்தில உண்ணிக் கொப்பு முகத்தில அடிக்கும். கண்ணை மூடு, முள்ளுக் குத்தும் எண்டு அண்ணா சொல்லுவான். நான் கண்ணை மூடுவன்.”

விதுர்ஷா யோசித்தாள். “நான் போன கிழமை போய்ப் பாத்துத்தான் செய்தனான். அங்க பற்றை இல்லயே. வெளியாத்தானே கிடக்கு.”

“இருந்தது.”

“ஓம், இருந்தது,” என்றான் லக்ஷன். அவனுடைய முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. “அது… அது நாங்க வெட்டினது.”

“ஆர் நாங்க?”

“ஊர்ப் பெடியன்கள் எல்லாரும். அண்டைக்கு.” அவன் தனுஷியாவைப் பார்க்காமல் சொன்னான். “அண்ணாவை எடுத்த அண்டைக்குக் காலம்பற.”

இலந்தையடியில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்தால், சவம் போகும் வழி முழுவதையும் ஊர் இளைஞர்கள் துப்புரவு செய்வார்கள். பற்றையை வெட்டி, குப்பையைக் கூட்டி, இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். போகிறவருக்கு அது கடைசி மரியாதை. திவாகரனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். இளம் பிள்ளை என்பதால் இன்னும் கூடுதலாகச் செய்தார்கள். கடவையிலிருந்து வளைவு வரைக்கும் ஒரு பற்றையை விடவில்லை.

“நானும் கொப்பு இழுத்தனான்,” என்றான் லக்ஷன். “கையெல்லாம் முள்ளு.”

தனுஷியா அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா அண்டைக்குப் பின்னேரம்தான் வந்தவர்,” என்றாள். “சவூதியில இருந்து. ஏர்போட்டில இருந்து வேனில வந்தவர். கடவையில வேனை நிப்பாட்டச் சொல்லி இறங்கிப் பாத்தவராம். தண்டவாளம் அந்தத் தொங்கல் வரைக்கும் தெளிவாத் தெரியுதே எண்டு சொன்னவர். காது அடைச்சாலும் கண் எங்க போனது அவனுக்கு, எண்டும் கேட்டவர். அவ்வளவுதான். மறுகா அண்ணாட பேரையே அவர் எடுக்கிறதில்ல. எங்களையும் எடுக்க விடுறதில்ல.”

“நீ சொல்லல்லயா பற்றை இருந்ததெண்டு?”

“எப்பிடிச் சொல்லுறது? அண்ணா எண்டு தொடங்கினாலே எழும்பிப் போயிடுவார்.”

விரலை எடுத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

“அம்மா அண்ணாட படத்தைப் பெருப்பிச்சுக் கண்ணாடி போட்டு வைச்சிருக்கா. முப்பத்தொராம் நாள் கிரியைக்குக் கொழுவ எண்டு சுவரில ஆணியும் அடிச்சவ. அப்பா விடல்ல. தன்ட உயிரைத் தானே தூக்கிக் குடுத்தவனுக்கு மாலை என்னத்துக்கு எண்டு கேட்டவர். படம் சீலையில சுத்தி அலுமாரிக்குள்ள கிடக்கு. சுவரில வெறும் ஆணி.”

லக்ஷன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் இன்னும் முள் இருப்பதுபோல.

“பாட்டுக் கேட்டவனா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது,” என்றாள் தனுஷியா. “கேட்டிருப்பான். ஆனா கண் இருந்ததுதானே. அவன் பாக்காமப் போற ஆள் இல்ல. என்னை ஏத்திக்கொண்டு போகேக்க ஒவ்வொரு நாளும் இறங்கி, எட்டிப் பாத்துத்தான் போவான். அண்டைக்கு ஏன் இறங்கல்ல எண்டு எனக்குத் தெரியாது.”

விதுர்ஷா பிரஷைத் தண்ணீரில் கழுவி வைத்தாள்.

“கேற் வேணாம்,” என்றாள். “பற்றையை வைப்பம். அண்டைக்கு இருந்தபடி.”

லக்ஷன் சிவப்பு வெள்ளை அடித்து வைத்திருந்த இரண்டு ஐஸ்பழக் குச்சிகளையும் எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் மழை கொஞ்சம் ஓய்ந்தது. மூன்று பேரும் கடவைக்குப் போனார்கள். தனியே விட மாட்டேன் என்று லக்ஷனின் அம்மா குடையோடு கூடவே வந்தார். ஆகாயம் ஈயச் சட்டி மாதிரி இருந்தது. வயலெல்லாம் தண்ணீர். வாவி எது, வயல் எது என்று தெரியவில்லை.

“தண்டவாளத்தில ஒருத்தரும் ஏறப்படாது. கெதியா அளந்துபோட்டு வாங்க,” என்றார் லக்ஷனின் அம்மா.

உண்மைதான், இடம் வெளியாகத்தான் கிடந்தது. ஆனால் குனிந்து பார்த்தால் புல்லுக்குள் அடிக்கட்டைகள் இருந்தன. கத்தி பட்ட அடிக்கட்டைகள். மாரித் தண்ணீர் பட்டு ஒவ்வொன்றிலும் சின்னத் தளிர் வந்திருந்தது.

“இஞ்ச ஒண்டு.”

“இதிலயும்.”

“இது இலந்தை. பெரிசு. இதுதான் தலைக்கு மேல நிண்டது,” என்றாள் தனுஷியா.

விதுர்ஷா கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அடிக்கட்டைகள் றோட்டுக் கரையிலிருந்து தண்டவாளத்தோடு ஒட்டி வளைவு வரைக்கும் போயின. றோட்டு கடவைக்குக் கிட்ட மேட்டில் ஏறுகிறது என்பதையும் அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். சைக்கிளில் வருகிறவர் எழும்பி நின்று மிதித்தால்தான் ஏறலாம்.

“மாமி,” என்று கேட்டாள், “இவ்வளவு பற்றை நிண்டதெண்டு பெரிய ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்தானே? ஏன் ஒருத்தரும் தனுட அப்பாட்டச் சொல்லல்ல?”

லக்ஷனின் அம்மா குடையை மற்றக் கைக்கு மாற்றினார். “நித்தம் பாக்கிற பற்றை புள்ள. வெட்டினாப் பிறகு அது இருந்ததே மறந்துபோகும். நானும் இப்ப இந்தக் கட்டையைக் கண்டுதான் நினைச்சன்.” தனுஷியாவின் தலையில் விழுந்த தூறலைத் துடைத்துவிட்டார். “அதுக்குமேல, அந்த மனிசனிட்ட ஆர் வாயைத் திறக்கிறது? திவா எண்டா எழும்பிப் போயிடுறார்.”

திரும்பி வரும்போது விதுர்ஷா கயிற்று முடிச்சுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

பற்றை செய்வது லேசான வேலை அல்ல. பானை கழுவும் பச்சை ஸ்பொஞ்சைத் துருவி ஒட்டினார்கள். அது பூந்தோட்டம் மாதிரி இருந்தது. விதுர்ஷா பிய்த்து எறிந்தாள். பிறகு தேங்காய்ப் பொச்சு நாரைப் பிய்த்து, பசையில் தோய்த்து, காய்ந்த தேயிலைச் சாயக் கழிவைத் தூவினாள். அதற்கு மேல் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் மண்ணிறம்.

“இன்னும் உயரம்,” என்றாள் தனுஷியா.

இன்னும் உயர்த்தினாள்.

“இன்னும்.”

“ரயிலே மறையுதேகா,” என்றான் லக்ஷன்.

“அங்கயும் மறையும்.”

கடைசியில் பால்மாப் பெட்டி மட்டையில் ஒரு சைக்கிள்காரனை வெட்டினார்கள். தனுஷியாவே வெட்டினாள். மேட்டில் ஏறுகிறவன்போல அவனை எழும்பி நிற்க வைத்தாள். மட்டையின் பின்பக்கம் மட்டும் நீலமாக இருந்தது. அதை மாற்ற வேண்டாம் என்றாள். திவாகரனின் கராச்சுச் சட்டை நீலம்.

“அதில வைச்சுப் பாப்பம்,” என்றாள்.

சைக்கிள்காரனைக் கிறவல் றோட்டில் வைத்தார்கள். தனுஷியா முழங்காலில் நின்று, நாடியைக் கதவின் விளிம்பில் வைத்து, அவனுடைய தலைக்கு நேரே கண்ணைக் கொண்டுவந்தாள்.

“விடு,” என்றாள்.

லக்ஷன் சுவிச்சைப் போட்டான். மேலேயிருந்து பார்த்த அவனுக்கு ரயில் முழுவதும் தெரிந்தது. வாவிக் கரை, வளைவு, பற்றைக்குப் பின்பக்கம், எல்லாம். “வருது… வருது… வளைவில திரும்பியிட்டுது… இப்பவும் தெரியல்லயா?”

“இல்ல.”

“கிட்ட வந்திட்டுது தனு.”

“இல்ல.”

ரயில் கடவையைக் கடந்தது. மட்டைச் சைக்கிள்காரன் காற்றில் ஒருமுறை அசைந்தான்.

தனுஷியா எழும்பவில்லை. நாடி அப்படியே கதவில் இருந்தது. விதுர்ஷாவும் பக்கத்தில் முழங்காலில் நின்று அதே உயரத்தில் பார்த்தாள். பச்சை மட்டும்தான் தெரிந்தது. பச்சைக்குப் பின்னால் ரயில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளால் பார்க்க முடியவில்லை.

“மேல நிண்டு பாக்கிறதாலதான் எங்களுக்கு எல்லாம் தெரியுது,” என்றாள் விதுர்ஷா.

லக்ஷன் கோழிக்குஞ்சுத் துவாயை எடுத்துத் தனுஷியாவிடம் நீட்டினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“துவாய் மணக்குது,” என்றாள்.

“அது ரயிலுக்குப் போட்ட எண்ணெய்.”

கண்காட்சியன்றும் மழைதான். வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கதவைத் தூக்கிக்கொண்டு வரும்போது பெரியப்பாவின் முழங்கால் ஒரு மூலையில் கழன்றுவிட்டது. அதைத் திரும்ப ஒட்டினார்கள். அன்னப்பூரணி ரீச்சர் வந்து சுற்றிப் பார்த்தார்.

“றோட்டு அச்சொட்டா எங்கட றோட்டுத்தான். பள்ளமும் இருக்கு,” என்று சிரித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கி, கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். “ஆனா புள்ளையள், இந்தப் பக்கம் நிண்டா ரயில் தெரியல்லயே. ரயில் ஓடுறதைத்தானே பாக்க வருவாங்க. புள்ளி குறைப்பாங்க. இந்தப் பற்றையைக் கொஞ்சம் வெட்டினா என்ன?”

விதுர்ஷா லக்ஷனைப் பார்த்தாள். பரிசு எடுத்து வலயப் போட்டிக்குப் போக வேண்டும் என்று ஐப்பசி மாதத்திலிருந்து நச்சரித்தவன் அவன்தான்.

“வெட்டேலா ரீச்சர்,” என்றான் லக்ஷன். “ஒருக்கா வெட்டினது போதும்.”

ரீச்சருக்கு விளங்கவில்லை. ஆனால் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார்.

முதல் பரிசு ஏழாம் வகுப்பின் எரிமலைக்குக் கிடைத்தது. அது புகை விட்டது. இவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பின்னேரம் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். தனுஷியாவின் அப்பா கனகசிங்கம் அவளைக் கூட்டிப்போக வந்தார். மெலிந்த, நெட்டையான மனிதர். நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

“வா புள்ள. இருட்டுது.”

“அப்பா, இதை ஒருக்காப் பாருங்க.”

“பாத்திட்டன். வடிவா இருக்கு. வா.”

“கிட்ட வந்து பாருங்க.”

அவர் வந்தார். வாவியைப் பார்த்தார். தோணியைப் பார்த்தார். கண் மெல்ல நகர்ந்து கடவைக்கு வந்ததும் அங்கேயே நின்றது. குடை சாத்திய வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பப் போகிறார் என்று விதுர்ஷாவுக்குத் தெரிந்துவிட்டது. எழும்பிப் போய்விடுவார் என்று தனுஷியா சொன்னது இதைத்தான்.

விதுர்ஷா ஓடிப்போய் ஒரு சின்ன வாங்கை இழுத்து வந்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

“மாமா, இதில இருங்க. ரெண்டு நிமிசம். நாங்க எல்லாருக்கும் காட்டினம். உங்களுக்கு மட்டும்தான் காட்டல்ல.”

ஒரு சின்னப் பிள்ளை வாங்கு போட்டால் யார்தான் என்ன செய்வது? அவர் வாங்கில் அமர்ந்தார். அமர்ந்ததும் கதவு அவருடைய நாடி உயரத்துக்கு வந்தது.

“இந்தச் சைக்கிள்காரன்ட தலைக்கு நேர பாருங்க, அப்பா,” என்றாள் தனுஷியா. “ரயில் வந்தாச் சொல்லுங்க.”

லக்ஷன் சுவிச்சைப் போட்டான். ரயில் வாவிக் கரையால் ஓடியது. வளைவில் திரும்பியது. கனகசிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரயில் பற்றைக்குள்ளிருந்து பாய்ந்து கடவையைக் கடந்தபோது, அந்தப் பெரிய மனிதர் வாங்கோடு ஓர் அடி பின்னுக்கு அதிர்ந்தார்.

“இந்தப் பற்றை அங்க இல்ல,” என்றார். “நான் பாத்தனான். வெளியாக் கிடந்தது.”

“இருந்தது மாமா,” என்றான் லக்ஷன். “அண்ணா போன நாளும் இருந்தது. நாங்கதான் வெட்டினம். அண்ணாவைக் கொண்டுபோற வழிக்கெண்டு, அண்டைக்குக் காலம்பற. நீங்க வரமுதல். கட்டை எல்லாம் இன்னும் கிடக்கு. அளந்துதான் வைச்சம்.”

வெளியே மழை கொஞ்சம் பலத்தது. கனகசிங்கம் தன் பெரிய கைகளால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“திரும்ப விடு தம்பி,” என்றார்.

லக்ஷன் விட்டான். ரயில் வந்தது.

“இன்னொருக்கா.”

வந்தது.

“இன்னொருக்கா விடு.”

மூன்றாவது தரம் மட்டைச் சைக்கிள்காரன் ரயில் அதிர்வில் சரிந்து விழுந்தான். தனுஷியா கையை நீட்டினாள். அதற்கு முன் அவளுடைய அப்பாவின் கை போனது. இரண்டு விரலால், மட்டை நோகுமோ என்பதுபோல, அவனைத் தூக்கினார். பின்பக்கத்து நீலத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கிறவல் றோட்டில், இருந்த இடத்திலேயே, நிமிர்த்தி வைத்தார். கையை எடுக்காமல் அவன் விழாதபடி பிடித்துக்கொண்டே இருந்தார்.

லக்ஷன் சுவிச்சை நிறுத்தினான். விதுர்ஷா தன் பசைக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

தனுஷியா அப்பாவின் தோளுக்குக் கிட்டப் போய் நின்றாள்.

“அப்பா,” என்றாள். “அந்த ஆணி இன்னும் சுவரிலதான் இருக்கு.”